முதலில் குழாயைக் கழுவுங்கள்

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் கீழாநெல்லி, மஞ்சள், வேப்பிலை என்று மூலிகை மருந்து பரவலாகப் புழங்குகிறது. நல்லதுதான். மஞ்சளிலுள்ள குர்குமின் கோழியின் ஈரலைக் காக்க உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆனால் கெட்ட தண்ணீருக்கு மூலிகையே தீர்வு என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோழி, தின்னும் தீவனத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கிறது. வெயில் ஏறினால் இன்னும் கூடும். அந்தத் தண்ணீரில் ஈ.கோலை கிருமி கலந்திருந்தால் எந்த இலைதான் எத்தனை நாள் தாங்கும்? கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் ஒட்டும். கிருமிகள் குடியிருப்பது அங்கேதான். வெல்லம் கரைத்த மூலிகைச் சாற்றைத் தொட்டியில் ஊற்றுவது அந்தப் படலத்துக்கே தீனி போடுவது. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினும் வீணாகும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் மூலிகைக்கு அடங்குபவையே அல்ல. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு முறை கோழி ஏற்றி அனுப்பியதும் தொட்டியையும் குழாயையும் அலசிவிட்டு அடுத்த குஞ்சுகளை விடுங்கள். தண்ணீரில் குளோரின் தவறாமல் இருக்கட்டும். தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் சமயத்தில் மட்டும் குளோரினை நிறுத்திவிடுங்கள். மூலிகையை அரைத்துத் தீவனத்தோடு பிசைந்து கொடுத்தால் போதும்.