எடைக் குறைப்புக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை: கூடுமா, தேவையா?



திருநாவலூரில் பெண் பிள்ளைகளுக்கான மதரஸாவில் பாடம் நடத்துகிறேன். சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு மாலை, பிள்ளைகள் கலைந்த பின்னும் மாணவி ஒருத்தியின் தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அழைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டியபோது அமரத் தயங்கினார். அது தம்மைத் தாங்குமா என்ற அச்சமே அந்தத் தயக்கம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பாய் விரித்துச் சுவரோரமாக இருவரும் அமர்ந்தோம்.

"ஆலிமா, எடை குறைய இரண்டாவது தடவை ஆபரேஷன் செய்துகொள்வது மார்க்கத்தில் கூடுமா? ஒரு தடவை செய்து தோற்றுப்போய்விட்டேன்" என்றார்.

சிகிச்சை தோற்றது என்று அவர் சொல்லவில்லை. தாமே தோற்றதாகச் சொன்னார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சொல்தான். அவருடைய அனுமதியோடும், அவர் யாரென்று தெரியாத வகையிலும் எழுதுகிறேன்.

அவர் உயரம் 152 சென்டிமீட்டர். 2018-இல் எடை 104 கிலோ. சர்க்கரை நோய், மூட்டு வலி, உறக்கத்தில் மூச்சுத் திணறல் மூன்றும் இருந்தன. நகைகளை அடகு வைத்துச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 'ஸ்லீவ்' எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒன்றரை ஆண்டில் எடை 76 கிலோவாக இறங்கியது. சர்க்கரை மாத்திரை நின்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தரையில் நெற்றி வைத்து ஸுஜூது செய்ததாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. மூன்றாம் ஆண்டிலிருந்து எடை மெல்ல ஏறத் தொடங்கியது. இன்று 94 கிலோ. மாத்திரை மீண்டும் வந்துவிட்டது. தொழுகை மீண்டும் நாற்காலிக்குப் போய்விட்டது. "இவ்வளவு செலவழித்தும் வாயைக் கட்ட முடியவில்லையே" என்று உறவினர்கள் பேசும் பேச்சும் கூடவே வந்துவிட்டது.

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈராண்டுகளுக்கு முன் பெண்களுக்கான வாராந்திர பயானில் உண்பதில் அளவு பேணுவதைப் பற்றிப் பேசினேன். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை எடுத்துச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பருத்த உடல் நஃப்ஸுக்கு அடிமைப்பட்டதன் அடையாளம் என்றும் என் சொந்தக் கருத்தைச் சேர்த்துச் சொன்னேன். இந்தச் சகோதரி அன்று கடைசி வரிசையில் இருந்தார். அதன் பிறகு அவர் பயானுக்கு வரவில்லை. ஹதீஸ் அளவோடு உண்ணச் சொல்கிறது. அடுத்தவரின் உடலைப் பார்த்து அவருடைய ஈமானை அளக்க அது எவருக்கும் அனுமதி தரவில்லை.

உண்மையில் அவருக்கு நேர்ந்தது என்ன? ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குழாய் போல ஆக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் அப்போது அகன்றுவிடுவதால் பசி குறைகிறது. ஆனால் இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது. எடை குறையக் குறைய உடல் எரிக்கும் ஆற்றலும் குறைகிறது. பசி சிறிது சிறிதாகத் திரும்புகிறது. சிலருக்கு எஞ்சிய இரைப்பை காலப்போக்கில் விரிகிறது. ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும். உணவுப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. சிறுத்த இரைப்பை ஒரு தட்டு பிரியாணியைத் தடுக்கும். சர்க்கரை போட்ட தேநீரையும், நன்னாரி சர்பத்தையும், அவ்வப்போது கொறிக்கும் மிக்சரையும் தடுக்காது. ஆக, வாயைக் கட்டாதது மட்டுமே காரணம் என்பது அறியாமை.

இரண்டாவது அறுவை சிகிச்சை என்பதும் கேள்விப்படாத ஒன்றன்று. தொடக்கத்தில் ஸ்லீவ் முறை இரண்டு கட்டச் சிகிச்சையின் முதல் கட்டமாகவே கையாளப்பட்டது. மிக அதிக எடையால் நீண்ட அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கு முதலில் இரைப்பையைக் குறைத்து, எடை இறங்கிய பின் குடலை மாற்றி இணைப்பார்கள். முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதிய பலன் கிடைத்ததால் அது தனிச் சிகிச்சையாயிற்று. உலகப் புகழ் பெற்ற கால்பந்து வீரர் மாரடோனா 2005-இல் கொலம்பியாவின் கார்டஜீனா நகரில் பைபாஸ் முறையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு மெலிந்தார். எடை மீண்டும் கூடியதால் 2015-இல் வெனிசுவேலாவில் இரண்டாம் முறை செய்துகொண்டார். பணமும் சிறந்த மருத்துவர்களும் வாய்த்தவருக்கே எடை திரும்பியது என்றால், திருநாவலூரில் இருக்கும் ஒரு பெண்ணை மட்டும் நாம் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

இனி, மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது வேறு, நோய்க்கு மருத்துவம் செய்வது வேறு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007-இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடி, அழகியல் அறுவை சிகிச்சைகள் பற்றித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. எடைக் குறைப்பும் அதில் இடம்பெற்றது. எடை ஒரு நோயின் நிலையை அடைந்திருக்க வேண்டும். அறுவை தவிர வேறு வழி இருக்கக் கூடாது. தீங்கு நேராது என்ற நம்பிக்கை வேண்டும். இந்த நிபந்தனைகளோடு அது அனுமதிக்கப்படுகிறது. முதல் சிகிச்சைக்குரிய இதே அளவுகோலை இரண்டாவதற்கும் பொருத்திப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் இம்முறை ஒவ்வொரு நிபந்தனையையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நோயின் நிலை. எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு. இச்சகோதரிக்கு அது 104 கிலோவில் 45 ஆக இருந்தது. 76 கிலோவில் ஏறத்தாழ 33 ஆனது. இன்று 40-ஐத் தாண்டியிருக்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, இத்தகைய அறுவைக்குக் காப்பீடு கோரக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை போன்றவை இருந்தால் 35 போதும். எளிய வழிகளை முயன்று பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும் என்பதும் அவ்விதியில் உண்டு. எனவே நகையை அடகு வைக்கும் முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். மாறாக, இழந்த எடையில் சிறிதளவே திரும்பி, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் அது தோல்வியே அல்ல. அவர்களுக்கு மறுபடி கத்தி தேவைப்படாது.

இரண்டாவது, வேறு வழி. முதல் சிகிச்சை ஏன் பலன் தரவில்லை என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு நாள் குறிப்பது, ஓட்டை எங்கே என்று பாராமல் குடத்தை மீண்டும் நிரப்புவது போன்றது. இரைப்பை விரிந்திருக்கிறதா, அமிலம் மேலேறி உணவுக் குழாயைப் புண்ணாக்கியிருக்கிறதா என்பவற்றை எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் காட்டிவிடும். உண்பதையும் பருகுவதையும் சில வாரங்கள் குறித்து வைத்தால் மற்றொரு பாதி தெரியும். நம் சகோதரி இரண்டாம் ஆண்டோடு மறு பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சென்னைப் பயணச் செலவு ஒரு காரணம். எடை கூடியதற்காக மருத்துவர் திட்டுவார் என்ற வெட்கம் பெரிய காரணம். மேலும், 2018-இல் இல்லாத வழிகள் இன்று உள்ளன. பசியைக் கட்டுப்படுத்தும் மௌஞ்சாரோ, வெகோவி ஆகிய வாராந்திர ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. அவை எல்லோருக்கும் பொருந்தா, விலையும் குறைவன்று. ஆயினும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

மூன்றாவது, தீங்கு. ஒரு தீங்கை அதே அளவுள்ள இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பது ஃபிக்ஹ் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஏற்கெனவே அறுத்துத் தைத்த இடத்தில் தழும்பும் ஒட்டுதலும் இருக்கும். அதனால் இரண்டாம் முறையில் கசிவு, தொற்று முதலிய சிக்கல்கள் முதல் முறையைவிடக் கூடுதல். முதல் முறையும் ஆபத்தற்றது அன்று. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. எனவே இம்மருத்துவர் இதுவரை எத்தனை மறு அறுவைகள் செய்துள்ளார், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா, சிக்கல் வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஸ்லீவிலிருந்து பைபாஸுக்கு மாற்றினால் இரும்புச் சத்து, கால்சியம், பி12 மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விடாமல் எடுக்க வேண்டும். நீரை மிடறு மிடறாகவே பருக முடியும் என்பதால் ரமளான் நோன்பைப் பற்றியும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

தலையில் காயம்பட்ட ஒரு தோழரின் செய்தி அபூதாவூதில் உள்ளது. பயணத்தில் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் அம்மனிதரைக் குறை கூறவில்லை. அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களையே கடிந்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். "இது அல்லாஹ்வின் சோதனை, பொறுத்துக்கொள்" என்று அறுவையைத் தடுப்பவரும், "போய்ச் செய்துகொள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அவசரப்படுத்துபவரும் அச்செய்தியை எண்ணிப் பார்க்கட்டும். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வைச் சார்ந்திருப்பது.

ரமளானுக்குப் பின் அச்சகோதரி பரிசோதனை செய்துகொண்டார். அமிலத்தால் உணவுக் குழாயில் புண் இருப்பது தெரிந்தது. பைபாஸுக்கு மாற்றுவது பொருத்தமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் உணவுக் குறிப்பேடு எழுதிவிட்டு முடிவெடுப்பதாக இருக்கிறார். செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அவருடைய தோல்வியாகாது என்று அவரிடம் சொன்னேன். என் பழைய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

நம்மால் ஆகக்கூடியதும் உண்டு. வலீமா விருந்தில் போதும் என்றவரின் தட்டில் மேலும் ஒரு கரண்டி வைக்காதிருப்போம். அவர் எழுந்து போன பின் அவருடைய உடலைப் பற்றிப் பேசாதிருப்போம், அது கீபத். எங்கள் பயான் கூடத்தில் இப்போது கைப்பிடியில்லாத கனத்த மர நாற்காலிகள் நான்கு போட்டிருக்கிறோம். சென்ற வாரம் அவர் அவற்றுள் ஒன்றில், முன் வரிசையில் அமர்ந்திருந்தார்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.