நமஸ்கரித்து எழுவதற்கு

சந்நிதியில் நமஸ்காரம் செய்யும் முதியவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். விழுந்து வணங்குவதில் பலருக்கும் சிரமம் இருப்பதில்லை, எழுவதில்தான் இருக்கிறது. ஒருவர் தூணைப் பற்றிக்கொள்வார். மற்றொருவர் அருகில் நிற்பவரின் கையை நாடுவார். "இனி நின்றபடியே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. இவர்களில் பலர் நாள் தவறாமல் பிராகாரம் வலம் வருபவர்கள், நாவைக் கட்டியவர்கள். அப்படியிருந்தும் தரையிலிருந்து எழ முடியவில்லையே, ஏன்?

'நடந்தால் போதும், குறைத்து உண்டால் போதும்' என்று நாம் நம்பிவிட்டதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் நடையைப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் நடந்தே தீர வேண்டும் என்று கைப்பேசியைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். இந்த எண் எந்த மருத்துவ நூலிலிருந்தும் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடையை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் 'மான்போ கெய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். விற்பனைக்கு வைத்த பெயரே நாளடைவில் விதியாகிவிட்டது! அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுடைய 16,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களிடம் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. ஆகவே எண்ணிக்கை எட்டவில்லை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அதே சமயம், பௌர்ணமிதோறும் அண்ணாமலையாரை 14 கிலோமீட்டர் வலம் வந்துவிட்டு, மற்ற நாள்களில் சாய்வு நாற்காலியை விட்டு எழாமலிருப்பது புண்ணியக் கணக்கில் சேரலாம். உடற்பயிற்சிக் கணக்கில் சேராது.

நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுவது. அதில் ஐயமில்லை. ஆனால் தரையிலிருந்து எழுவதற்கு வேண்டியது தொடைத் தசையின் வலிமை. நடு வயதிலிருந்தே தசை சிறிது சிறிதாகக் கரைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. சமதளத்தில் மெதுவாக நடப்பது மட்டும் இதை ஈடுசெய்யாது. வங்கியில் காலம் கழித்தவனுக்கு இது வரவே இல்லாமல் எடுப்பு மட்டும் நிகழும் சேமிப்புக் கணக்காகத் தோன்றுகிறது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான பயிற்சி செய்வதோடு, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியுள்ளது. முதல் பகுதி மட்டுமே நம் காதில் விழுந்திருக்கிறது.

"இந்த வயதில் தசையா?" என்று சிரிப்பவர்களுக்காக ஒரு செய்தி. பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், சராசரி வயது தொண்ணூறான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். முடிவு 1990இல் வெளியாயிற்று. பயிற்சியை நிறைவு செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியின்றியே நடந்தார்கள்.

நமக்கு எடைக் கருவி எதுவும் வேண்டாம். கைப்பிடியுள்ள, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டுக்கொள்ளுங்கள். கைகளை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமருங்கள். 'தொப்'பென்று விழுவது அமர்வதாகாது. மெல்ல இறங்குவதில்தான் தசைக்கு வேலை. முதலில் ஐந்து முறை, பின்பு பத்து முறை. மூச்சை அடக்கக் கூடாது. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கலாம். இதய நோயோ அண்மையில் அறுவை சிகிச்சையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்து உணவு. வயதானால் இரவில் இரண்டு இட்லி போதும் என்கிறோம். இரண்டு இட்லியில் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ நான்கு கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் தேவை. முதியோருக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது முதியோர் நல வல்லுநர் பலரின் கருத்து. ரசம் சாதமும் மோரும் கஞ்சியுமாகக் கழியும் நாளில் இதில் பாதி சேர்ந்தாலே பெரிது. புரதமில்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் தசை எதைக் கொண்டு வளரும்?

தீர்வு கோயிலிலேயே இருக்கிறது: சுண்டல்! நூறு கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 19 கிராம் புரதம் உண்டு. பச்சைப்பயறில் அதைவிடச் சற்றுக் கூடுதல். நவராத்திரி ஒன்பது நாளும் விதவிதமாகச் செய்துவிட்டு, கொலுப் படி இறங்கியதும் மறந்துவிடுகிறோம். பல் இல்லாதவர்கள் குழைய வேகவைத்து மசித்து உண்ணலாம். பாலும் தயிரும் துணை நிற்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

விரத நாள் பற்றியும் சொல்ல வேண்டும். 'பலகாரம்' என்ற சொல்லே பழ உணவு என்ற பொருளில் பிறந்தது. அது இன்று எண்ணெயில் பொரித்ததாக மாறிவிட்டது. ஏகாதசிக்கு அரிசியை விலக்கிவிட்டு ஜவ்வரிசி உப்புமா உண்கிறோம். ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கின் மாவு. சர்க்கரையை ஏற்றுவதில் அரிசிக்குச் சளைத்ததன்று. பாலும் பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் எவ்வளவோ மேல். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், மருந்தளவை மருத்துவரிடம் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. சர்க்கரை திடீரென இறங்கினால் மயக்கம் வரும். அந்த மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் பழையபடி நடமாடுவது பலருக்கும் கடினமாகிவிடும்.

மூட்டு வலியுள்ளவர்கள் இந்தப் பயிற்சிகளைச் செய்யலாமா என்ற கேள்வி எழும். தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்குத் தொடைத் தசையை வலுவாக்குவதே சிகிச்சையில் ஒரு பகுதி. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. அது பழகிய பிறகு எழுந்து அமரும் பயிற்சிக்குப் போகலாம். தொடக்கத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை.