மிதப்பதும் மிதக்க விடுவதும்

விதை நெல் தேர்ந்தெடுக்கும் முறையை நம் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கோழிமுட்டை மிதக்கும் அளவு உப்பைக் கரைத்து, அந்நீரில் நெல்லைக் கொட்டுகிறோம். மேலே மிதப்பது பதர்; அடியில் தங்குவது விதை.

மிதத்தலைக் குறிக்கும் 'ஃப்ளோட்' என்னும் ஆங்கிலச் சொல் நெசவிலும் உண்டு. ஊடை, பாவிழைகளுடன் பின்னாமல் பலவற்றைத் தாண்டி மேலோடுவதை அது குறிக்கும். அளவோடு இருப்பின் துணிக்குப் பளபளப்பு. நீண்டுவிட்டால் வளையலில் மாட்டி இழுபடும்.

பண உலகத்தார் இச்சொல்லையே நாணயத்துக்கும் வழங்குகின்றனர். அரசு விகிதம் குறித்துத் தாங்கிப் பிடிக்காமல், நாணயத்தின் விலையைச் சந்தைக்கு விட்டுவிடுவதே மிதக்க விடுதல். 1966 ஜூன் 6-ல் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆக அரசே இறக்கியது. அது மிதக்க விட்டதன்று. 1993 மார்ச் முதல் விகிதத்தைச் சந்தை நிர்ணயிக்கிறது. ஆயினும் ரிசர்வ் வங்கி அவ்வப்போது டாலரை வாங்கியும் விற்றும் குறுக்கிடுவதால், கயிறு முற்றிலும் அவிழ்க்கப்படவில்லை என்பதே என் கருத்து.

இலங்கையில் நேர்ந்ததைக் காண்க. டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று பல மாதம் பிடித்து வைத்தனர், கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச் 7-ல் பிடி தளர்ந்தது. மே மாதத்தில் விகிதம் 350-ஐத் தாண்டியது. மிதக்க விட்டதே குற்றம் என்று பலர் கூறினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உப்பு நீரா பதரை உண்டாக்குகிறது?

கம்பெனிகள் பங்குகளை முதன்முதலாகச் சந்தையில் விடுவதற்கும் இதே சொல்தான். நம் சங்கப் பங்கு சந்தைக்குப் போவதில்லை. ஆகையால் அதை விட்டுவிடலாம்.

ரூபாயின் மிதப்போ நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. நிலத்துக்கு இடும் பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் அயல்நாட்டுச் சரக்கு. பட்டு நூலிலும் ஒரு பகுதி சீனத்திலிருந்து வருவது. ரூபாய் தாழ்ந்தால் இவற்றின் அடக்கவிலை ஏறும். ஏற்றுமதியாகும் துணிக்கு அதே தாழ்வு அனுகூலம். ஆனால் அந்த லாபம் வியாபாரியிடம் நின்றுவிடாமல் தறிக்காரரின் கூலி வரை வந்து சேருகிறதா?

பருவத்துக்கு முன்பே உரம் வாங்கி இருப்பு வைப்பதா, நூல் ஒப்பந்தத்தில் விலையை எத்தனை மாதத்துக்கு நிலைநிறுத்துவது என்னும் இரண்டையும் நிர்வாகக் குழு பேரவைக்கு முன் வைக்க வேண்டும். அங்கத்தினர்கள் கேட்டால்தான் வைப்பார்கள்.