‘பேங்க் இன்ஜினியர்’ ஆவது எப்படி? வீட்டுக்கு விலை சொல்லும் லைசென்ஸும், அது சொல்லித்தராத பாடமும்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஃபிளாட் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, ஹோம் லோனுக்கு அப்ளை செய்தவர்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சுதான் ஓடும்: “பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துட்டாரா? எவ்ளோ போட்டாராம்?”

யார் இந்த பேங்க் இன்ஜினியர்? பெரும்பாலும் அவர் வங்கி ஊழியரே கிடையாது. வங்கியின் பட்டியலில் இருக்கும் தனி மதிப்பீட்டாளர், அதாவது ‘வேல்யூவர்’. வருவார், டேப் பிடித்து அளப்பார், நாலு போட்டோ எடுப்பார், பக்கத்து மனைகளின் விலையை விசாரிப்பார், பத்திர நகலையும் பிளானையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் எழுதும் ரிப்போர்ட்டின் கடைசியில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடுகிறது.

எப்படி? ஓர் உதாரணம். அம்பத்தூரில் ஒரு ஃபிளாட் 60 லட்சத்துக்குப் பேசி முடிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன்களில், சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம். வேல்யூவரும் 60 லட்சம் என்று எழுதினால் 48 லட்சம் கிடைக்கும். கையில் 12 லட்சம் இருந்தால் போதும். அவர் 52 லட்சம் என்று எழுதினால்? பேசிய விலை, மதிப்பிட்ட விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கிகள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும். கடன் 41.6 லட்சமாகிவிடும். இப்போது கையில் 18.4 லட்சம் வேண்டும். 6.4 லட்சத்துக்கு நகையா, பி.எஃப். பணமா, சொந்தக்காரர்களிடம் கைமாற்றா என்று வீடே அலையும்.

இவ்வளவு அதிகாரம் உள்ள இந்த வேலைக்குப் போவது எப்படி? வழி இருக்கிறது. சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு சைட்டில் வெயில் காயும் பலருக்கு அந்த வழி முழுதாகத் தெரியாது என்பதுதான் விஷயம்.

ஒரு வேலை, மூன்று கதவுகள்

முதல் குழப்பமே இங்குதான். ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு வேல்யூவர்’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அப்ரூவல் கொடுத்தது எந்த அரசுத் துறை என்று கேட்டால் ஒரே பதில் வராது. இந்தியாவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் என்று இல்லை.

முதல் கதவு, கம்பெனிகள் சட்டம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 247ஆம் பிரிவும், அதன் கீழ் 2017 அக்டோபரில் வந்த விதிகளும் ‘பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்’ என்ற தகுதியை உருவாக்கின. பதிவு கொடுப்பது ஐ.பி.பி.ஐ. எனப்படும் இந்திய திவால் வாரியம். 2019 பிப்ரவரியிலிருந்து கம்பெனிகள் சட்டத்தின் கீழ் தேவைப்படும் மதிப்பீடுகளை இவர்கள் மட்டுமே செய்ய முடியும். திவால் நடவடிக்கைக்குப் போகும் நிறுவனங்களின் சொத்துகளுக்கும் இவர்கள்தான்.

இரண்டாவது கதவு, வருமான வரித்துறை. இதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1957ஆம் ஆண்டு செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவுதான் இந்தப் பதிவுக்கு அடிப்படை. 2015 பட்ஜெட்டில் செல்வ வரியையே எடுத்துவிட்டார்கள். வரி போன பிறகும் அதன் கீழான மதிப்பீட்டாளர் பதிவு வருடக்கணக்கில் தொடர்ந்தது. இதற்கு 10 ஆண்டு தொழில் அனுபவம் கேட்கப்பட்டது. 2001 ஏப்ரலுக்கு முன்பு அப்பா வாங்கிப் போட்ட மனையை இப்போது விற்கிறவர்கள், மூலதன ஆதாய வரிக் கணக்குக்காக 1-4-2001 அன்றைய நியாயமான சந்தை மதிப்பைத் தேடி வருவது இந்த வகை வேல்யூவரிடம்தான்.

மூன்றாவது கதவு, வங்கி. ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சேர்வதைத்தான் ‘எம்பேனல்மென்ட்’ என்கிறார்கள். பட்டியலுக்கான தகுதியை வங்கியின் இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. 34ஏபி தகுதிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் 2007 சுற்றறிக்கையில் சொல்லியிருந்தது. 50 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சொத்தென்றால் குறைந்தது இரண்டு பேரின் தனித்தனி ரிப்போர்ட் வேண்டும். அம்பத்தூர் ஃபிளாட்டுக்கு ஒரே ஒருவர்தான்.

ஐ.பி.பி.ஐ. பதிவு: படிப்படியாக

இன்று புதிதாகத் தொடங்குபவருக்குத் தெளிவான பாதை முதல் கதவுதான்.

படிப்பு: ‘நிலம் மற்றும் கட்டடம்’ பிரிவுக்கு சிவில் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் போதாது.

அனுபவம்: இளநிலைப் பட்டதாரிக்குப் படிப்பு முடித்த பின் 5 ஆண்டு, முதுநிலைப் பட்டதாரிக்கு 3 ஆண்டு. 22 வயதில் பி.இ. முடித்து நேராக வேலைக்குப் போனவர் 27ல் தயார்.

அமைப்பில் சேருவது: ‘பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு’ ஒன்றில் உறுப்பினராக வேண்டும். சுருக்கமாக ஆர்.வி.ஓ. என்பார்கள். நாடு முழுவதும் பல ஆர்.வி.ஓ.க்கள் உண்டு.

பயிற்சி: அந்த அமைப்பு நடத்தும் 50 மணி நேர வகுப்பு. பொருளாதாரம், சொத்துச் சட்டங்கள், மதிப்பீட்டு முறைகள், தொழில் நெறி, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் இதில் வரும்.

தேர்வு: கம்ப்யூட்டரில் 2 மணி நேரம். 100க்கு 60 எடுத்தால் பாஸ். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போய்விடும். பாஸ் செய்த 3 ஆண்டுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

பதிவு: தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாய். பதிவு கிடைத்ததும் ஆர்.வி.ஓ.விடம் தொழில் செய்வதற்கான சான்றிதழும் வாங்க வேண்டும்.

அவ்வளவுதானா? காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிவு கையில் இருப்பதாலேயே நாளைக்கு ஒரு வங்கி மேனேஜர் போன் செய்துவிட மாட்டார். வங்கிக் கதவை மறுபடியும் தனியாகத் தட்ட வேண்டும்.

பூந்தமல்லியில் ஒரு மனைக்கு என்ன விலை?

தேர்வுக்குப் படிக்கும் முறைகள் மூன்று. பக்கத்தில் விற்ற சொத்துகளோடு ஒப்பிடுவது ஒன்று. நிலத்தின் விலையோடு, தேய்மானம் கழித்த கட்டடச் செலவைக் கூட்டுவது இன்னொன்று. வாடகை வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது மூன்றாவது. புத்தகத்தில் சுலபம். மேற்குப் புறநகரில் காலை வைத்தால்தான் சிக்கல் தெரியும்.

பூந்தமல்லியில் “மெட்ரோ வருது சார்” என்ற ஒரு வாக்கியத்துக்கே புரோக்கர்கள் தனி விலை வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான மெட்ரோ வழித்தடம் உண்மைதான். பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்ததும் உண்மைதான். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இந்தப் பக்கத்தின் முகத்தை மாற்றிவிட்டது. ஆனால் வேல்யூவர் எழுத வேண்டியது ஒரு குறிப்பிட்ட தேதியின் மதிப்பை. நாளைக்கு வரப்போகும் ஆசைக்கு இன்று எவ்வளவு விலை என்பதற்கு அவரிடம் ஆதாரம் வேண்டும்.

அடுத்தது மனையின் ஜாதகம். ஆவடி சுற்றுவட்டாரத்தில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் ஒன்று அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட், மற்றொன்று அங்கீகாரம் இல்லாததாக இருக்கலாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகள்தான் அந்த விதிகளின் வரம்புக்குள் வந்தன. அந்த மனை வரன்முறை ஆனதா, பட்டா யார் பேரில், ஏரிப் புறம்போக்கைத் தொடுகிறதா, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த பகுதி இது. ஃபிளாட் என்றால் நிலத்தில் எவ்வளவு யுடிஎஸ் பங்கு என்பதும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அரை மணி நேரத்தில் முடிக்கவே முடியாது.

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை

இருப்பதிலேயே பெரிய சிக்கல், ஒப்பிடுவதற்கான ஆதாரமே நம்பகமாக இல்லாதது.

அரசின் வழிகாட்டி மதிப்பு, அதாவது ‘கைடுலைன் வேல்யூ’, முத்திரைத்தாள் கட்டணம் கணக்கிடுவதற்காக வந்தது. அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நிறைய பத்திரங்கள் அந்த மதிப்பை ஒட்டித்தான் பதிவாகின்றன. மிச்சம் ரொக்கமாகக் கைமாறுகிறது. ஊரறிந்த ரகசியம் இது. 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்குத் திரும்பியது. இதற்காக அம்பத்தூரில் நிலம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மலிவாகிவிட்டதா? பிறகு ஒரே நாளில் ஏறிவிட்டதா? இல்லை. பத்திரத்தை மட்டும் பார்த்து எழுதும் வேல்யூவருக்கு அப்படித்தான் தெரியும். புரோக்கர் சொல்வதை மட்டும் கேட்டு எழுதினால் எண் எதிர்ப்பக்கம் எகிறும். இரண்டுக்கும் நடுவில், தான் ஏன் இந்த எண்ணுக்கு வந்தேன் என்று காரணத்தோடு எழுதத் தெரிந்தவர்தான் வேல்யூவர்.

யாருக்கும் பிடிக்காத எண்

இங்கேதான் லைசென்ஸ் சொல்லித்தராத பாடம் வருகிறது.

ஒரு ஹோம் லோன் நடக்கும்போது அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் பெரிய எண்தான் வேண்டும். பில்டருக்கு ஃபிளாட் விற்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு கமிஷன். கிளைக்கு டார்கெட். வாங்குபவருக்கோ முழு லோன் கிடைக்க வேண்டும். வேல்யூவர் குறைத்து எழுதினால் அவரைத் திட்டும் முதல் ஆள் வாங்குபவர்தான். ஆனால் 52 லட்சம் பெறும் வீட்டுக்கு 60 லட்சம் கொடுத்து, 20 வருஷம் வட்டி கட்டப்போவதும் அவரேதான். அந்தக் குறைந்த எண், வாங்கும் முன் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை. பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதமும் கிடையாது.

2017 விதிகளோடு வந்த நடத்தை நெறியில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. வாடிக்கையாளரின் வசதிக்கேற்ற மதிப்பீடு செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நேரம் ஒதுக்க முடியாத அளவுக்கு வேலைகளை ஒப்புக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல வரிகள். ஆனால் அடுத்த வேலை கொடுப்பதும் அதே கிளை, குறைத்து எழுதினால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடக்கூடியதும் அதே கிளை என்றால், 27 வயது இன்ஜினியர் ஒருவர் எத்தனை முறை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்? நேர்மையைத் தனி மனிதரின் தலையில் மட்டும் ஏற்றி வைப்பது நியாயமில்லை.

அமெரிக்காவும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. சேமிப்பு வங்கிகள் வரிசையாக விழுந்த பிறகு, 1989 சட்டத்தின் மூலம் மதிப்பீட்டாளர்களுக்கு மாநில லைசென்ஸ் வந்தது. 2008 நெருக்கடிக்குப் பின், மதிப்பீட்டாளருக்கு அழுத்தம் கொடுப்பதைத் தடுக்கும் விதிகள் 2010 சட்டத்தில் சேர்ந்தன. 2014 முதல், வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்பவருக்கு மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் கொடுக்கும் நிறுவனம் தந்தாக வேண்டும்.

இங்கே? மதிப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் கடன் வாங்குபவரின் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. ரிப்போர்ட்டோ பல நேரம் அவர் கண்ணில்கூடப் படுவதில்லை. இதை மாற்றப் பெரிய சட்டம் தேவையில்லை. கட்டணம் கட்டியவருக்கு ஒரு பி.டி.எஃப். அனுப்பினால் போதும். எந்த ரிப்போர்ட் யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கிளை முடிவு செய்யாமல், பட்டியலில் இருந்து சுழற்சி முறையில் ஒதுக்கினால் பாதி அழுத்தம் குறைந்துவிடும்.

மூன்று கதவுகளையும் ஒன்றாக்கும் யோசனையும் புதிதில்லை. மத்திய அரசு 2019ல் அமைத்த எம்.எஸ். சாகு தலைமையிலான நிபுணர் குழு, தேசிய அளவில் ஒரே மதிப்பீட்டாளர் நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்து, 2020ல் வரைவு மசோதாவையே எழுதிக் கொடுத்தது. அது வரைவாகவே கிடக்கிறது.

அதுவரை, சிவில் படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் இந்தத் தொழிலுக்குத் தாராளமாக வரலாம். அனுபவச் சான்றிதழ்களை இப்போதே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். 60 மதிப்பெண் எடுப்பது கஷ்டமில்லை. முதல் ரிப்போர்ட்டிலேயே “சார், இன்னும் ஒரு அஞ்சு லட்சம் சேர்த்துப் போடுங்க” என்று ஒரு குரல் கேட்கும். உண்மையான தேர்வு அன்றைக்குத்தான்.

ஃபிளாட் வாங்குபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பேங்க் இன்ஜினியர் எவ்வளவு போட்டார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏன் அவ்வளவு போட்டார் என்றும் கேளுங்கள். ரிப்போர்ட் நகலைக் கேட்டு வங்கிக்கு ஒரு மெயில் போடுங்கள். கட்டணம் கட்டியது நீங்கள்தானே!