மைலேஜ் கணக்கும் மோதல் கணக்கும்

ரெண்டு மாசமா எங்க வீட்டில ராத்திரி சாப்பாட்டு நேரத்துப் பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். மெரினாவா, ஆக்டேவியாவா? மெரினான்னதும் சுண்டல் விக்கிற பீச்சை நினைச்சுக்காதீங்க :-) டாடா இண்டிகோ மெரினா, 2007 மாடல், டீசல். இன்னொண்ணு ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2006, அதுவும் டீசல். ரெண்டுமே பின்பக்கம் நீட்டி, கூரை கடைசி வரைக்கும் போற ஸ்டேஷன் வேகன். ரெண்டுமே கிழவிங்க.

"இந்தக் காலத்தில எவனாவது பழைய ஸ்டேஷன் வேகன் வாங்குவானா?" நம்ம ஊர்க்காரங்க யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி இதுதான். பக்கத்து ஃபிளாட் தாத்தா போட்டோவைப் பார்த்துட்டு, "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே"ன்னார். இந்தியாவில வேகன் ஓடாமப் போனதுக்குப் பாதிக் காரணம் இந்தப் பேச்சுதான்னு நினைக்கிறேன். டாடா 1992-லேயே எஸ்டேட்னு ஒண்ணு விட்டுப் பார்த்தாங்க, 2004-ல் மெரினா விட்டாங்க. எதுவும் நிலைக்கலை. பெட்டி மாதிரி டிக்கி துருத்திட்டு இருந்தாத்தான் நமக்கு அது கார்.

எனக்கு ஏன் வேகன்? அப்பா. அம்மா போனப்புறம் அவரைப் புனேக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் பத்தடி நடப்பார், அதுக்கு மேல வீல்சேர்தான். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை கோவில்பட்டி போயாகணும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில், அப்புறம் அம்மா திதி. ரயில் படி ஏறி இறங்கறதும், ஓடற ரயில்ல டாய்லெட் போறதும் இனிமே அவரால முடியாது. போன தடவை அவர் முகத்தைப் பார்த்தப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமே கார்தான்னு.

உயரமான எஸ்யூவியில ஏற அவருக்குக் கால் எழும்பாது. சாதாரண செடான்ல வீல்சேரை மடக்கி டிக்கி விளிம்புக்கு மேல தூக்கிப் போட்டா, பெட்டிக்கு இடம் இல்லை. வேகன்ல தரை பம்பர் உயரத்திலேயே இருக்கு. வீல்சேரை அப்படியே உள்ள தள்ளிடலாம். திரும்பி வரும்போது புளி, வத்தல், ரெண்டு மூட்டை அரிசின்னு நம்ம சீர்வரிசைக்கும் இடம் இருக்கும். பட்ஜெட் ரெண்டரை லட்சம். அந்தக் காசுக்கு அந்த அளவுக்கு இடம் வேற எதிலயும் இல்லை.

இப்ப சண்டைக்கு வருவோம். மச்சான் (தங்கமணியோட அண்ணன்) மெரினா கட்சி. "மாப்ளே, அது இண்டிகா குடும்பம். 1405 சிசி டீசல் இன்ஜின். பத்து வருஷம் நாடு பூரா டாக்சியா ஓடின ஜாதி. ஹூப்ளியில நின்னாலும் திண்டுக்கல்ல நின்னாலும் அதைத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் கிடைப்பான். ஆக்டேவியா நின்னா நீங்க யாரைத் தேடுவீங்க?" விலையும் அவர் பக்கம்தான். மெரினாவுக்கு ஒரு லட்சம் கேட்டாங்க, ஆக்டேவியாவுக்கு ரெண்டே கால்.

மச்சான் சொன்னதில பொய் இல்லை. ஸ்கோடா 2001-ல் அவுரங்காபாத்ல கடை விரிச்சதே ஆக்டேவியாவை வெச்சுத்தான். அந்த 1.9 டிடிஐ இன்ஜினை இன்னிக்கும் தலையில தூக்கி வெச்சு ஆடறவங்க இருக்காங்க. ஆனா அவங்களும் அவங்க மெக்கானிக்குகளும் புனே, பெங்களூரு மாதிரி பெரிய ஊர்லதான். சித்ரதுர்காவில ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சென்சார் போச்சுன்னா வண்டியை லாரியில ஏத்தறதுதான் வழி.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். ஆக்டேவியாவோட பின்சீட்ல கால் வைக்க இடம் கம்மி. அப்பாவை உட்கார வெச்சுப் பார்த்தோம், முட்டி முன்சீட்ல இடிச்சுது. மெரினாவில தாராளமா உட்கார்ந்தார். மச்சான் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க!

அப்பதான் தங்கமணி ஒரு கேள்வி கேட்டா. "எல்லாம் சரி, இடிச்சா எது?"

யாருகிட்டயும் பதில் இல்லை. ரெண்டு மாசமா மைலேஜ், உதிரி பாகம், மறுவிற்பனைன்னு பேசின நாங்க இதைப் பேசவே இல்லை. 1,400 கிலோமீட்டர் போக, 1,400 வர, வருஷத்துக்கு ரெண்டு தடவை. கொல்ஹாப்பூர், பெல்காம், பெங்களூரு, சேலம், மதுரைன்னு முழுக்க லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற நெடுஞ்சாலை. நான் பார்த்த மெரினாவில ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அது அந்த வண்டியோட குத்தம் இல்லை, அந்தக் காலத்தில சட்டமே கேக்கலை. எல்லாப் புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம்னு ஆனதே 2019-லதான். நான் பார்த்த ஆக்டேவியாவில முன்னாடி ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இருந்தது. அந்தத் தலைமுறை ஆக்டேவியா 2001-ல் யூரோ என்கேப் மோதல் சோதனையில நாலு நட்சத்திரம் வாங்கினது. இன்னிக்குச் சோதனை ரொம்பக் கடுமை, அந்த நாலு இன்னிக்கு நாலு ஆகாது. ஆனாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

மைலேஜ் கணக்கையும் பார்த்துடலாம். ரெண்டு ஓனரும் சொன்னது நெடுஞ்சாலையில லிட்டருக்கு 16, 17. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினா 16-க்கும் 17-க்கும் வித்தியாசம் வெறும் 37 லிட்டர் டீசல். இந்த 37 லிட்டருக்காகத்தான் நாம மணிக்கணக்காச் சண்டை போடறோம்.

உதிரி பாகம் கிடைக்கலைன்னா ரெண்டு நாள் லாட்ஜ்ல தங்கலாம். பணம் போகும், லீவு போகும், மச்சான் "நான் சொன்னேனே"ன்னு சொல்வார். அதெல்லாம் தாங்கிக்கலாம். மத்தது தாங்க முடியாது. என் ஓட்டு ஆக்டேவியாவுக்கு. கால் பிரச்சினைக்கு வழி சுலபம். அப்பா முன்சீட்ல, அவருக்குப் பின்னாடி ஒன்பது வயசுப் பொண்ணு. அவளுக்கு என்ன பெரிய காலா?

ஆனா கண்ணை மூடிட்டு "ஆக்டேவியா வாங்குங்க"ன்னு நான் சொல்லலை. இந்த வயசில மாடலை வாங்கக் கூடாது, முந்தின ஓனரோட பில் கத்தையை வாங்கணும். நான் பார்த்தது நாலு விஷயம்:

1. டைமிங் பெல்ட். ரெண்டு இன்ஜினுக்குமே பெல்ட்தான். அது ஓட்டத்தில அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினே போயிடும். எப்ப மாத்தினதுன்னு பில் இல்லைன்னா மாத்தலைன்னே வெச்சுக்கிட்டு, அந்தச் செலவை விலையில குறைச்சுக் கேளுங்க.

2. ஏர்பேக் விளக்கு. சாவி போட்டதும் சில நொடி எரிஞ்சு அணையணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் தப்பு, எரியவே இல்லைன்னாலும் தப்பு. பல்பைக் கழட்டிட்டு விக்கிறவங்க உண்டு. எங்க பழக்கமான மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தப்புறம்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

3. துரு. மும்பை, கொங்கண் பக்கம் ஓடின வண்டின்னா லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாருங்க. அடி எலும்பு போயிருந்தா எத்தனை ஏர்பேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

4. ஆர்சி. 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சோதனை பண்ணிப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. எது வரைக்கும் புதுப்பிச்சிருக்குன்னு தேதியைப் பார்த்துட்டு விலை பேசுங்க.

டெல்லி, நொய்டா, குர்கான் மக்களே, நீங்க இந்தப் பக்கமே வராதீங்க. பத்து வருஷ டீசல் வண்டிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி பண்ணினது. 2025-ல் வந்த மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தாலும், 2006 டீசலை அங்க வாங்கறது வம்பை விலை கொடுத்து வாங்கறதுதான். "ரிட்டயர் ஆனதும் வண்டியோட ஊருக்குப் போயிடுவோம்"னு கணக்குப் போடறவங்களும் யோசிங்க. வேற மாநிலத்தில 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். இவ்வளவு பழைய வண்டிக்கு அந்த ஆர்டிஓ அலைச்சல் தேவையா?

கடைசியா ஒண்ணு. 2022 செப்டம்பர்ல பால்கர் பக்கத்தில நடந்த விபத்தில சைரஸ் மிஸ்திரி இறந்தார். பென்ஸ் கார், ஆனா பின்சீட்ல இருந்தவங்க பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னது. அதுக்கு மேல என்ன சொல்ல? வண்டி எடுத்த முதல் வேலையா பின்சீட் பெல்ட் மூணையும் இழுத்துப் பார்த்தேன். ஒண்ணு சீட்டுக்கு அடியில சிக்கிக் கிடந்தது, யாரும் தொட்டே இருக்க மாட்டாங்க. எடுத்துத் துடைச்சு வெச்சாச்சு. ராத்திரியில ஓட்டறதில்லை, முதல் நாள் ஹூப்ளி, ரெண்டாம் நாள் கிருஷ்ணகிரி, மூணாம் நாள் வீடுன்னு தங்கமணி அட்டவணையும் போட்டாச்சு.

அப்பா இன்னும் கேட்டுட்டு இருக்கார், "எவ்வளவு குடுக்குதுடா லிட்டருக்கு?"