நெஞ்சு வலியும் வாய்வுப் புராணமும்

நம் வடசென்னைப் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு நெஞ்சு வலித்தால் அதற்கு வைத்தியம் சொல்லாத ஆளே இல்லை. துறைமுகத்துக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவனானாலும் சரி, காசிமேட்டில் வலை இழுக்கிறவனானாலும் சரி, எண்ணூர் ஆலையில் இராவேலை பார்க்கிறவனானாலும் சரி, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவன் "வாய்வு" என்கிறான். ஒருவன் "கண்ணேறு" என்கிறான். மந்திரிக்கிறவன் "செய்வினை" என்கிறான். ஆள் செத்துப் போனாலோ, மூவரும் சேர்ந்து "விதி" என்கிறார்கள்.

திருவொற்றியூரில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவருக்கு ஆறு மாதமாக இந்த வலி. படி ஏறினால் வரும். நின்றால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். "தானாகத்தான் போய்விடுகிறதே!" என்பார். அப்படித் தானாகப் போவதுதானய்யா பயப்பட வேண்டிய அடையாளம்! உழைக்கும்போது இருதயத்திற்கு அதிக இரத்தம் வேண்டும். இருதயத்திற்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கொழுப்புப் படிந்து குறுகியிருந்தால், வேண்டிய அளவு கிடைக்காமல் வலிக்கிறது. உட்கார்ந்தால் தேவை குறைகிறது, வலி நிற்கிறது. நடந்தால் வந்து, நின்றால் போகிற இவ்வலியை இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் 1768-லேயே விவரித்து, 'ஆஞ்சைனா' என்று பெயரும் வைத்தார்.

சோடா குடித்ததும் வலி போயிற்று என்கிறவர், சோடா குடிக்க உட்கார்ந்ததை மறந்துவிடுகிறார். தாயத்தின் மகிமையும் இவ்வளவுதான். மந்திரிக்கிறவன் முன் அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால், மந்திரமே இல்லாவிட்டாலும் அந்த வலி நிற்கத்தானே செய்யும்?

நெஞ்சு வலியெல்லாம் இருதய வியாதி என்று நாம் சொல்ல வரவில்லை. இரைப்பை அமிலத்தாலும், தசைப்பிடிப்பாலும், நுரையீரல் கோளாறாலும் வலிக்கலாம். எது என்பதைப் பரிசோதனை சொல்ல வேண்டுமேயன்றி, பெட்டிக்கடைக்காரர் சொல்லக்கூடாது என்பதுதான் நமது வாதம். "ஈ.சி.ஜி. எடுத்தேன், சரியாயிருக்கிறது" என்று நிம்மதியாய் இருந்துவிடுவதும் ஒரு மூடநம்பிக்கையே. வலியில்லாதபோது படுத்துக்கொண்டு எடுத்த படம் சரியாயிருந்தாலும் அடைப்பு இல்லையென்று ஆகாது. அதனால்தான் டிரெட்மில்லில் நடக்க வைத்தும், தேவையானால் ஆஞ்சியோகிராம் செய்தும் பார்க்கிறார்கள்.

பெண்கள் சங்கதி இன்னும் மோசம். அவர்களுக்கு நெஞ்சு வலியோடோ, அது இல்லாமலோ மூச்சுத் திணறல், களைப்பு, குமட்டல், தாடை வலி என்று வரலாம். வீட்டிலுள்ள ஆண்கள் "அடுப்படிச் சூடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள்! சர்க்கரை வியாதிக்காரருக்கோ வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம்.

உட்கார்ந்தும் வலி நிற்காமல் வியர்த்துக் கொட்டினால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். 2023-இல் தமிழக சர்க்கார் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நம் பக்கத்திற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது.

"ஒரு நாள் கூலி போகுமே?" என்றார் அந்தத் தோழர். இந்தக் கேள்விக்கு அவர்மேல் கோபித்துப் பயனில்லை. மூட்டை சுமந்து நெஞ்சு வலிக்கிறவன் பரிசோதனைக்குப் போகிற நாளில் கூலியைப் பிடிக்க மேஸ்திரிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று சங்கத்தார் கேட்க வேண்டாமா?

கடைசியில் அவர் போனார். இப்போது இருதயக் குழாயில் ஸ்டென்டும், கையில் பழைய தாயத்துமாக இருக்கிறார். வலி எதனால் நின்றதென்று மந்திரித்தவரைக் கேட்டோம். தாயத்தால்தான் என்கிறார்.