புதிய டர்போ காரின் சப்தங்கள்

டர்போ பொருத்திய காரை வாங்கிய முதல் மாதத்தில் பெரும்பாலோரைப் பீடிக்கும் கவலை ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எழும் உரத்த உறுமலும், மேம்பாலத்தில் ஏறும்போது எங்கிருந்தோ கேட்கும் மெல்லிய விசிலும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் 'உஸ்' என்று வெளிப்படும் பெருமூச்சும், எஞ்சினை நிறுத்திக் கதவைப் பூட்டிய பின்னரும் பானட்டுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் முனகலும் யந்திரக் கோளாற்றின் அறிகுறிகளோ என்ற சந்தேகமே அது. ஆயுட்காலச் சேமிப்பில் பெரும் பகுதியைக் கொடுத்து வாங்கியவருக்கு இந்தச் சந்தேகம் எழுவது நியாயம். அதை 'எல்லா வண்டியும் இப்படித்தான் சார்' என்ற ஒரே வாக்கியத்தால் மூடிவிடுவது நியாயமாகாது. அந்தச் சப்தங்களின் காரணத்தை, வாங்கியவர் அறிந்த மொழியில், வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே விளக்குவது விற்பவரின் கடமை என்றும், அவற்றைச் செவிகொடுத்துக் கேட்டுப் பழகிக்கொள்வது வாங்கியவரின் பொறுப்பு என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

முன் தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இல்லை. அம்பாசிடரும் பியட்டும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில் கார்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பானட்டைத் திறந்தால் கண்ணெதிரே இருந்தன. டாப்பெட் தளர்ந்தால் எழும் 'டக டக' ஓசையை வீட்டுப் பெரியவரே அடையாளம் கண்டு வண்டியை மெக்கானிக்கிடம் அனுப்புவார். மெக்கானிக்கோ நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றிப் பிடியைக் காதோடு சேர்த்து வைத்து, கோளாறு எந்தச் சிலிண்டரில் என்று சொல்லிவிடுவார். எஞ்சின் வெளியேற்றும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்னும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இலேயே காப்புரிமை கோரியிருந்தார் என்றாலும், அந்தச் சாதனம் நெடுங்காலம் கப்பல்களிலும் விமானங்களிலும் கனரக வாகனங்களிலுமே பயன்பட்டு வந்தது. அமெரிக்காவில் பெட்ரோல் கார்களில் அது விற்பனைக்கு வந்ததே 1962-இல்தான். நம்மவர்களில் பலர் டர்போவின் விசிலை முதன்முதலாகக் கேட்டது மலைப்பாதையில் ஏறும் ஒரு பேருந்திலோ லாரியிலோ ஆகத்தான் இருக்கும்.

அந்த விசில் நம் வீட்டு வாசலுக்கு வந்ததற்கு வரிக் கொள்கையும் ஒரு காரணம். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும் பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 1,200 கன சென்டிமீட்டருக்கு மிகாமலும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி ஏறும், சிறிதாகவே விட்டால் இழுவை போதாது என்ற நிலையில், சிறிய எஞ்சினிடமிருந்து பெரிய எஞ்சினின் சக்தியைப் பெறும் உபாயமாக டர்போ வந்து சேர்ந்தது. 2013-இல் மறைமலை நகரிலிருந்து வெளிவந்த போர்டு ஈகோஸ்போர்ட்டும், 2019-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் வென்யூவும் 1 லிட்டர் கொள்ளளவில் மூன்றே சிலிண்டர் கொண்ட டர்போ எஞ்சினோடும் கிடைத்தன. இன்று அநேகமாக ஒவ்வொரு ஷோரூமிலும் அப்படியொரு வண்டி நிற்கிறது. ஆனால் அது எப்படி ஒலிக்கும் என்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விசிலை முதலில் எடுத்துக்கொள்வோம். சிறிய கார்களில் உள்ள டர்போவின் சக்கரம் உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடியது. முழு விசையில் அது நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றுகளை ஒட்டிச் சுழலும். அதன் ஒரு பக்கம், பெட்ரோல் எஞ்சினில் 900 டிகிரி செல்சியஸையும் எட்டக்கூடிய புகையில் தோய்ந்திருக்க, மறுபக்கம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்திக்கொண்டிருக்க, இரண்டையும் இணைக்கும் தண்டு பெரும்பாலான டர்போக்களில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கிறது. இவ்வளவு வேகத்தில் சுழலும் பொருள் மௌனமாக இருக்க முடியாது. எஞ்சின் 2,000 சுற்றை ஒட்டி வலுவாக இழுக்கத் தொடங்கும் தறுவாயில் மெல்லிய சீழ்க்கை எழுந்து, வேகத்தோடு உயர்ந்து, விசையைக் குறைத்ததும் அடங்குமானால், டர்போ தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். பெருமூச்சின் காரணமும் இதனோடு சேர்ந்தது: காலை எடுத்ததும் எஞ்சினின் காற்று வாயில் மூடிக்கொள்கிறது, ஆயினும் சக்கரம் உடனே நிற்பதில்லை, அதுவரை அழுத்தி அனுப்பிய காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போகவே, ஒரு சிறு வால்வு திறந்து அதை மறுபடியும் உறிஞ்சு குழாய்க்கே திருப்பி விடுகிறது. அந்தத் திருப்பத்தின் ஓசையே 'உஸ்' என்று நம் செவிக்கு எட்டுகிறது.

காலைநேரத்து உறுமலைப் பற்றி இன்னும் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் மிகுதியான பேர் பயப்படுவது இதற்குத்தான். புகையிலுள்ள நச்சைப் போக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஏறக்குறைய 250 அல்லது 300 டிகிரி வரை சூடேறினாலன்றி ஒழுங்காக வேலை செய்யாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலில் இருப்பதால் அதை விரைவில் சூடாக்கியே தீரவேண்டும். ஆகையால் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் கிளப்பியதும், அதன் கம்ப்யூட்டர் தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, ஐடிலிங் வேகத்தை 1,200 அல்லது 1,500 சுற்றுக்கு உயர்த்தி, சூடான புகையைக் கன்வெர்ட்டருக்குள் தள்ளுகிறது. அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ கரகரப்பான, கனத்த அந்த ஒலி நீடித்து, பிறகு தானே தணிந்துவிடும். டர்போ எஞ்சின்கள் பலவற்றில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. அதற்கு வேண்டிய அழுத்தம் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேலும் போகும். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்பும், நொடிக்குள் பலமுறை திறந்து மூடும் இன்ஜெக்டர்களும் தையல் மிஷினைப் போல் 'டிக் டிக்' என்று இடைவிடாது ஒலிக்கும். பானட்டைத் திறந்தால் அது இன்னும் துலக்கமாகக் கேட்டு, பழைய டாப்பெட் சப்தத்தை அறிந்தவர்களைக் கலவரப்படுத்தும். எஞ்சினின் வேகத்தோடு சீராக ஏறி இறங்கும் வரையில் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்று சிலிண்டர் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் லேசான அதிர்வைத் தருவது அதன் அமைப்பின் இயல்பு. வண்டி நகர்ந்த முதல் சில மீட்டரில் கேட்கும் குறுகிய 'டர்' என்ற ஒலி, பல வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதாகும். நெடுந்தூரப் பிரயாணம் முடிந்து எஞ்சினை அணைத்த பின் ரேடியேட்டர் விசிறி சில நிமிஷங்கள் ஓடுவதும், சில கார்களில் சிறிய மின்சாரப் பம்பு ஒன்று டர்போவைச் சுற்றிக் குளிர்நீரைச் செலுத்திக்கொண்டே இருப்பதும், உள்ளே தேங்கிய உஷ்ணத்தால் எண்ணெய் கருகிவிடாமல் காப்பதற்காக ஏற்பட்ட முன்னேற்பாடுகள்; பேட்டரி இறங்கிவிடுமோ என்று பதறி யாரும் ஒயரைக் கழற்ற வேண்டியதில்லை. புகைக்குழாயும் அதன் வெப்பத் தகடும் குளிர்ந்து சுருங்கும்போது 'டிங் டிங்' என்று ஒலிப்பதை எந்தக் காரிலும் கேட்கலாம்.

இவையெல்லாம் இயல்பானவை என்பதால் எந்தச் சப்தமும் இயல்பானதே என்று முடிவு கட்டிவிடலாகாது. எப்போது எழுகிறது, எதைச் செய்தால் மிகுகிறது, நாளடைவில் மாறுகிறதா என்ற மூன்றையும் கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மெல்லிய விசில் சில வாரங்களில் ஆம்புலன்ஸ் சைரனைப் போல உரத்து, கூடவே இழுவை குறைந்து நீலப் புகையும் தென்பட்டால், டர்போவின் தண்டு தேய்ந்து எண்ணெய் கசிகிறதோ என்று உடனே பார்க்கவேண்டும். ஏற்றத்தில் தொடர்ச்சியான காற்றுச் சீறல் கேட்டு வண்டி சோர்ந்தால், ஏதோ ஒரு காற்றுக்குழாய் கிளிப்பிலிருந்து விலகியிருக்கக்கூடும். புதிய வண்டியிலும் இது நேரலாம், சரிசெய்வதும் சுலபம். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வேகத்தோடு வேகமாக ஏறும் கனத்த 'டொக் டொக்' என்ற இடிப்போ, எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கோ தோன்றினால் வீடுவரை ஓட்டிப் போகலாம் என்ற நினைப்பே கூடாது. வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

ஓட்டுபவரின் பழக்கத்தால் எழும் சப்தமும் ஒன்று உண்டு. மைலேஜ் ஆசையில் நம் ஊரில் அது மலிந்திருக்கிறது. நான்காவது, ஐந்தாவது கியரில் 1,300 சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியை, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து இழுக்கச் செய்தால், கலவை தீப்பொறிக்கு முன்னதாகவே பற்றிக்கொண்டு உலோகத்தில் கல் தெறித்தாற்போல் ஒலிக்கும். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் இந்த முன்பற்றல் பிஸ்டனையே உடைக்க வல்லது. இதைத் தடுக்கும் பொருட்டே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2018-இல் எஸ்.என். பிளஸ் என்றும், 2020-இல் எஸ்.பி. என்றும் புதிய எண்ணெய்த் தரங்களை ஏற்படுத்தியது. ஆகவே கையேட்டில் குறித்த தரத்து எண்ணெயைத் தவிர வேறொன்றை, விலை மலிவு என்பதற்காக ஊற்றச் சம்மதிப்பது பெருந்தவறு. கிளப்பியவுடன் உறுமவிடாமல் முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதும், நெடுஞ்சாலையில் விரைந்து வந்து சுங்கச்சாவடியோரக் கடையில் நிறுத்துமுன் ஒரு நிமிஷம் ஐடிலிங்கில் விடுவதும் டர்போவின் ஆயுளை நீட்டிக்கும்.

இப்போது விற்பவரிடம் வருகிறேன். ஷோரூமில் வண்டியை ஒப்படைக்கும் நாளில் மாலை போடுகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், பாட்டுப் பெட்டியைப் போனோடு இணைப்பது எப்படி என்று காட்டுகிறார்கள்; பானட்டைத் திறந்து, எஞ்சினைக் கிளப்பி, 'இது பம்பின் ஓசை, இது வால்வின் ஓசை, அணைத்த பிறகு இது ஓடும், பயப்படாதீர்கள்' என்று சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. பொருளின் தன்மையை அறியும் உரிமை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு டர்போ காரோடும் அதன் இயல்பான சப்தங்களைத் தமிழில் விவரிக்கும் ஒரு பக்கத்தையாவது தயாரிப்பாளர்கள் தரவேண்டும். அச்சிட ஆகும் செலவு ஒரு தேங்காய் விலைகூட இராது. அந்த ஒரு பக்கம் எத்தனை குடும்பங்களின் உறக்கத்தைக் காப்பாற்றும் என்பதைத் தயாரிப்பாளர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

சர்வீஸ் நிலையங்களும் திருந்தவேண்டியது உண்டு. காலையில் மட்டும் கேட்கும் சப்தத்தைப் பற்றி முறையிட வருபவர், பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடான வண்டியோடுதான் அங்கே வந்து நிற்கிறார். சப்தம் அடங்கிப் போயிருக்கிறது. 'குறை ஏதும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர்களும் பொய் எழுதவில்லை, ஆனால் சப்தத்தை யாருமே கேட்கவில்லை. அத்தகைய வண்டியை இரவு அங்கேயே நிறுத்தி, மறுநாள் காலை உரிமையாளர் முன்னிலையில் கிளப்பிக் கேட்பதே முறை. அதே மாடலில், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய இன்னொரு வண்டியையும் பக்கத்தில் கிளப்பிக் காட்டிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வாங்கியவரும் தம் பங்குக்கு, வண்டி வந்த முதல் வாரத்திலேயே குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதும், சூடேறி நிற்கும்போதும், அணைத்த பிறகும் எழும் ஓசைகளைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து ஏதேனும் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. முறையிடும்போது சப்தம் எந்நேரத்தில், எந்தக் கியரில், எவ்வளவு வேகத்தில் எழுகிறது என்பதைத் தம் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அதன் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இயல்பானது என்று இன்று சொல்லப்பட்ட சப்தம் வாரண்டி முடிந்த மறுமாதம் கோளாறு என்று மாறுமானால், பேசுவதற்கு அவர் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.